முக்குளிப்புப் பயணமும் காப்புறுதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் வளர்ந்த பிள்ளைகள் இன்று பெர்ஹெந்தியான், தியோமான், சிப்பாடான் தீவுகளுக்கு காற்று உருளை சுமந்து ஸ்கூபா முக்குளிக்கச் செல்வது எனக்குப் பெருமையே. ஆனால், என் மகன் வாங்கியிருந்த பயணக் காப்புறுதிப் பத்திரத்தை வரி வரியாகப் படித்தபோது, முக்குளிப்பால் நேரும் எந்தப் பாதிப்புக்கும் இழப்பீடு கிடையாது என்ற ஒரு வரி கடைசிப் பக்கத்தில் இருந்ததைக் கண்டு திகைத்துப்போனேன்.

ஆழத்தில் உடலில் கரையும் நைட்ரஜன், முக்குளிப்பவர் விரைந்து மேலெழும்போது குமிழிகளாக மாறி மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கக்கூடும். அதற்கான முதன்மைச் சிகிச்சை, காற்றழுத்தத்தை உயர்த்தி ஆக்சிஜன் கொடுக்கும் அழுத்த அறையில் அளிக்கப்படுகிறது. நம் பேராவின் லூமுட் இராணுவ மருத்துவமனையில் அவ்வசதி உண்டு என்றாலும், தொலைதூரத் தீவிலிருந்து நோயாளியைப் படகிலும், தாழப் பறக்கும் விமானத்திலும் கொண்டுசேர்க்கும் செலவை ஒரு தோட்டத் தொழிலாளர் குடும்பத்தால் தாங்க இயலாது.

ஆகவே காப்புறுதி எடுப்போர், விலையைப் பார்ப்பதற்கு முன், அழுத்த அறைச் சிகிச்சையும் அவசரப் போக்குவரத்தும் அதில் அடங்குமா என எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். ஆழ வரம்பையும் கவனிக்க வேண்டும். தொடக்கநிலை முக்குளிப்புச் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரையில்தான் என்பதால், அதை மீறியவரின் இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். ஒரே பயணத்தில் பல முறை முக்குளித்தவர், உடலில் எஞ்சிய நைட்ரஜன் வெளியேற, விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், திரும்பும் நாளையும் சேர்த்தே காப்புறுதிக் காலத்தைக் கணக்கிடுவது நல்லது.

முகவர்கள் இவற்றைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
சுங்கை சிப்புட், பேரா.