எக்கானமி பயணிகளையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் நீண்டதூர விமானங்களைப் புதுப்பிப்பது பற்றி எந்தச் செய்தியைப் படித்தாலும் முதல் வகுப்பும் பிசினஸ் கிளாஸும்தான் பேச்சாக இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து போகிறவர்களைப் பற்றி இரண்டு வரி தேடினாலும் கிடைப்பதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2024 நவம்பரில் அறிவித்த திட்டப்படி, 41 ஏர்பஸ் ஏ350-900 விமானங்களின் உட்புறத்தை மாற்ற 1.1 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவிடப்படுகிறது. அவற்றில் 34 வழக்கமான நீண்டதூர விமானங்கள். மற்ற ஏழும் எங்கும் இறங்காமல் நியூயார்க் வரை பறக்கக்கூடிய ரகம். முன்பக்கத்துக்கு முற்றிலும் புதிய இருக்கைகள் வருகின்றன. பின்பக்கத்துக்கு மெருகூட்டலும் புதிய திரைகளும்தான்.

செலவு செய்வதே தப்பு என்று சொல்ல வரவில்லை. 2017-ல் வாங்க ஒப்பந்தம் போட்ட போயிங் 777-9 விமானங்கள் 2021-லேயே வரத் தொடங்கியிருக்க வேண்டும். தள்ளிப்போய், தள்ளிப்போய், முதல் விமானத்தை 2027-ல்தான் தர முடியும் என்று போயிங் சொல்லிவிட்டது. புதுசு வரும்வரை இருப்பதைச் சீர்செய்துதான் ஓட்டவேண்டும். பிசினஸ் டிக்கெட்டில்தான் நல்ல லாபம் என்பதும் புரிகிறது.

எனக்கு உறுத்துவது அந்த ஏழு விமானங்கள்தான். இப்போது அவற்றில் 67 பிசினஸ் இருக்கைகளும் 94 பிரீமியம் எக்கானமி இருக்கைகளும் உள்ளன. எக்கானமியே கிடையாது. மாற்றியமைத்த பிறகு முதல் வகுப்பு 4, பிசினஸ் 70, பிரீமியம் எக்கானமி 58. அதாவது, இருப்பதிலேயே விலை குறைந்த பிரிவில் 36 இருக்கைகள் போய்விடும். இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. 2004-ல் நியூயார்க்கை ஒட்டி நியூஜெர்சியில் இருக்கும் நியூவார்க்குக்கு நேரடிச் சேவை தொடங்கியபோது நடுத்தரக் கட்டணத்திலும் இடம் இருந்தது. 2008-ல் அந்த விமானங்களை நூறு பிசினஸ் இருக்கைகள் மட்டுமே கொண்டவையாக மாற்றினார்கள். நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 எரிபொருளை வாரிக் குடித்ததால் 2013-ல் சேவையே நின்றது. 2018 அக்டோபரில் இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகுதான் மறுபடி பறக்கத் தொடங்கினார்கள்.

நியூஜெர்சியில் பிள்ளைகள் இருக்கும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பேறுகாலத்துக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கவும் போகிறவர்கள் பெரும்பாலும் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள். நேரடி விமானம் யாருக்கு அவசியமோ, அவர்களுக்குத்தான் அது கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது. எக்கானமியில் போகவேண்டுமானால் பிராங்பர்ட்டில் இறங்கி, பாதுகாப்புச் சோதனையை மறுபடி கடந்து, திரும்ப ஏறவேண்டும்.

என் மாமியார் ஒருமுறை வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் மகள் வீட்டுக்குப் போனார். பணியாளரைக் கூப்பிடும் பொத்தான் தொடுதிரைக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. அவர் விரலை வைத்ததும் ஏதோ படம் ஓடத் தொடங்கியதாம். நிறுத்தத் தெரியாமல் திரையின்மேல் சால்வையைப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் இருவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கழிவறைக்குப் போக அவர்களை எழுப்பவேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். இறங்கும்போது கால் வீங்கி, செருப்பின் வார் மாட்டவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இப்படித்தான் பயணம் செய்கிறார்கள். கேட்டால் ‘நல்லாத்தான் போனேன்’ என்பார்கள். நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் இரத்தம் உறையலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அப்படியிருக்க இதை வெறும் வசதிக் குறைவு என்று எப்படி ஒதுக்குவது?

அதனால்தான், இருக்கைகளில் கைவைக்கும் இந்த நேரத்திலேயே கேட்டுவிடுகிறேன். பணியாளரை அழைக்கத் தடவிப் பார்த்தாலே தெரிகிற மாதிரி ஒரு நிஜப் பொத்தான் ஒவ்வோர் இருக்கையிலும் வேண்டும். திரையின் மொழித் தெரிவுகளில் தமிழும் இருக்கவேண்டும்; நம் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் அதுவும் ஒன்று. மலிவான டிக்கெட்டில் இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். சரி, வாங்கட்டும். ஆனால் எழுபது வயதைக் கடந்தவர் நடைபாதை ஓர இருக்கை கேட்டால் அவரிடம் அந்தக் கட்டணத்தை வாங்காதீர்கள். அப்புறம், அந்த 34 விமானங்களில் 187-ஆக இருக்கும் எக்கானமி இருக்கைகள் 192 ஆகப்போகின்றன. கூடுதலாக வரும் ஐந்து இருக்கைகளுக்காக மற்றவர்கள் கால் நீட்டும் இடத்தில் ஓர் அங்குலம்கூடக் குறையக் கூடாது.

இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கொவிட் காலத்தில், 2020-ல், நிறுவனம் பங்குதாரர்களிடம் 8.8 பில்லியன் வெள்ளி திரட்டியது. பெரும்பங்கு அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கிடமிருந்து வந்தாலும், என் கணவரைப் போன்ற சிறு பங்குதாரர்களும் கைகொடுத்தார்கள். 2024/25 நிதியாண்டில் நிகர லாபம் சுமார் 2.78 பில்லியன் வெள்ளி. அதில் நிறுவனம் பங்கு வைத்திருந்த விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்ததால் ஒருமுறை மட்டும் வந்த ஆதாயமும் அடக்கம். அதைக் கழித்தாலும் நல்ல லாபம்தான்.

தடங்களைப் பொறுத்தவரை, 2024-ல் பிரசல்ஸும் லண்டன் கேட்விக்கும் சேர்ந்ததில் மகிழ்ச்சி. 2025-ல் மான்செஸ்டர்-ஹியூஸ்டன் சேவை நின்றது வருத்தம். டெக்சஸில் இருக்கும் உறவினர்களைப் பார்க்க ஒரே நிறுவனத்தில் போய்ச்சேர அதுதான் வசதியாக இருந்தது. டொரோண்டோவில் நம் மக்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்கள். அடுத்த பட்டியலில் அந்த ஊரையும் பரிசீலிக்கலாம்.

நியூயார்க் நேரடிச் சேவையில் இருக்கைகள் குறையப்போகும் நிலையில், பிராங்பர்ட் வழியாகப் போகும் எக்கானமி சேவையையாவது தொடர்வோம் என்று நிறுவனம் உறுதி கூறவேண்டும். அதையும் குறைக்கும் எண்ணம் இருந்தால், அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு இப்போதே பணம் சேர்க்கும் குடும்பங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்