கே.வி.குப்பம் வட்டாரத்து மக்களுக்கு எங்கள் நன்றி

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவிலிருந்து வந்த எங்கள் மாணவர்கள் கோடை முழுக்க உங்கள் திண்ணையில் உட்கார்ந்து, பிரஷர் பார்த்து, ஓயாமல் கேள்வி கேட்டுவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள். காவனூரில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ருசா என்ற கிராமச் சுகாதார, சமூகநல மையம் 1977 முதல் இயங்கும் வட்டாரம் இது. படிவத்தோடு வருபவர்கள் உங்களுக்குப் புதிதில்லை. ஆனாலும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னீர்களே!

“வெள்ளைக்காரப் பிள்ளைங்க வரும்னு பார்த்தா, எல்லாம் நம்ம நிறமா இருக்கே” என்று ஒரு பாட்டி சிரித்தார். உண்மைதான். நவஹோ பழங்குடிப் பெண், மிசிசிப்பியின் கறுப்பின இளைஞர், கலிஃபோர்னியத் தோட்டங்களில் பழம் பறிக்கும் மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளை. இப்படிப்பட்டவர்களை வெளிநாட்டில் ஆய்வு பழக அனுப்பும் திட்டத்தை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 1993-இல் தொடங்கியது. எங்கள் பயிற்சியும் அதே வழியில் வந்ததுதான். அங்கே வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்குச் சிறுநீரகம் செயலிழப்பது மூன்று மடங்குக்கும் மேல். டயாலிசிஸுக்குப் போய்வரும் பாட்டியோடு வளர்ந்த பையன், பிரஷர் மாத்திரையை நிறுத்தியவரை அதட்டவில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்றுதான் கேட்டான். “மாத்திரை இலவசம்தான் தம்பி, வாங்கப் போனா அன்னிக்குக் கூலி போச்சே” என்றார் அவர். வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தர 2021-இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் எதற்காக என்பது அந்த ஒரு பதிலிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ‘ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன் உப்பு?’ என்று எங்கள் படிவத்தில் இருந்த கேள்வியை அவர்தான் அடித்துத் திருத்தினார். “யாரு ஸ்பூன்ல அளந்து போடுறாங்க? ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாளைக்கு வருது, எத்தனை பேர் சாப்பிடுறீங்கன்னு கேளுங்க. ஊறுகாய்க்கும் மாட்டுக்கும் போனதைக் கழிச்சுக்கணும்.” நாலு பேர் உள்ள வீட்டில் 25 நாளில் பாக்கெட் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ 5 கிராமுக்குள். எந்த வகுப்பிலும் இதை இவ்வளவு தெளிவாக நான் நடத்தியதில்லை.

நூறு நாள் வேலைக்குக் கிளம்பும் முன் எந்தத் தெருவில் ஆள் இருக்கும் என்று சொல்லி வண்டி ஓட்டிய அண்ணனுக்கும், மொழிபெயர்த்த கல்லூரித் தங்கைகளுக்கும், ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க அலைந்த நண்பர்களுக்கும் நன்றி. “குழந்தைகளைப் படம் எடுக்க வேண்டாம்” என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொன்ன தலைமையாசிரியருக்கு இரட்டிப்பு நன்றி. வெளிநாட்டுப் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் கூத்துகளில் அப்படிப் படம் எடுப்பதும் ஒன்று.

“எழுதிட்டுப் போறீங்க, எங்களுக்கு என்ன?” என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பிரஷர் அளவைச் சீட்டில் எழுதி அவரவர் கையில் அன்றே கொடுத்துவிட்டோம். கூடுதலாக இருந்தவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். முடிவுகளைத் தமிழில், அக்டோபர் 2 கிராம சபையில் படிக்க ஊராட்சித் தலைவர் இசைந்திருக்கிறார். பெயர் எதுவும் வராது, தெருவாரியான கணக்கு மட்டும்தான். தப்பாகப் பட்டால் அங்கேயே எழுந்து கேளுங்கள்.

அன்புடன்,
பயிற்சி ஒருங்கிணைப்பாளர்