தரையைத் தட்டிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

என் முதுகலை ஆய்வேடு போன மாதம் ஏற்கப்பட்டது. சிசிலித் தீவின் நடுப்பகுதியில், பியாட்சா ஆர்மெரினா என்ற மலையூருக்கு வெளியே, வில்லா ரோமானா தெல் காசாலே என்றொரு ரோமானிய மாளிகை இருக்கிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அதன் மொசைக் தரைகளை, அதாவது கல்சில்லுகளைப் பதித்துப் படம் அமைத்த தரைகளை, தோண்டி எடுத்த நாளிலிருந்து இன்றுவரை எப்படிக் காப்பாற்றி வருகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. ஆய்வேட்டில் நன்றி சொல்ல அரைப் பக்கம்தான் கிடைத்தது. அதில் அடங்காதவர்களுக்காக இந்த மடல்.

முதலில் பலேர்மோவில் இருக்கும் அன்ரி வீட்டுக்கு. பலேர்மோவில் ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். ஊருக்கு மேலே பெல்லெக்ரினோ மலையில் இருக்கும் புனித ரொசாலியா கோயிலுக்குக் கிறிஸ்தவர்களும் சைவர்களும் சேர்ந்தே நடந்து ஏறுவதை அங்கு போய்த்தான் பார்த்தேன். அன்ரிக்கும் எனக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. தோழிக்குத் தெரிந்தவர் மூலம் ஒரு ஃபோன் நம்பர் கிடைத்தது, அவ்வளவுதான். "ரெண்டு நாள் தங்கிக்கிறேன்" என்று போனவள் ஐந்து மாதம் இருந்தேன். வாடகை பற்றிப் பேச்செடுத்த ஒவ்வொரு முறையும் "முதல்ல சாப்பிடு பிள்ளை" என்பதுதான் பதில்.

அந்த வீட்டுத் தங்கச்சி பலேர்மோவிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிய நேரத்திலும் இரவில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, பழைய இத்தாலியப் பராமரிப்பு அறிக்கைகளை எனக்கு வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் 'மால்த்தா' என்ற சொல்லில் நின்றுவிட்டோம். அவளுக்குத் தமிழில் தெரியவில்லை, எனக்கு இத்தாலியனில் தெரியவில்லை. பக்கத்து அறையிலிருந்து அங்கிள், "சாந்து, பிள்ளை, சாந்து!" என்று குரல் கொடுத்தார். அன்றிலிருந்து என் குறிப்பேடு முழுக்கச் சாந்துதான். அங்கிள், அந்த ஒரு சொல் கிடைத்த பிறகுதான் எனக்கு இந்தப் படிப்பே பிடிபட்டது.

ஏனென்றால் நான் போனது படங்களைப் பார்க்க. காசாலேயில் கிட்டத்தட்ட 3,500 சதுர மீட்டர் மொசைக் இருக்கிறது. யானை, புலி, காண்டாமிருகம் என்று விலங்குகளைப் பிடித்துக் கப்பலேற்றும் காட்சிகள் உள்ள 'பெருவேட்டை' நடைகூடம் மட்டுமே 60 மீட்டருக்கும் மேல் நீளம். விரல்நகம் அளவுள்ள கல்சில்லுகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பதித்தவர்கள் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கைவினைஞர்களாக இருக்க வேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. இதையெல்லாம் பார்த்த மயக்கத்தில் இருந்த என்னைத் தரையில் முழங்காலிட வைத்தவர், அங்கே பல வருடமாக மொசைக் பராமரிப்பில் இருக்கும் ஒரு மூத்த நிபுணர். அவருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று எந்த மொழியிலும் எனக்குத் தெரியவில்லை.

முதல் மூன்று நாள் என் கையில் மென்மையான பிரஷ், ஸ்பாஞ்ச், காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான். நான்காம் நாள் கண்ணை மூடச் சொன்னார். விரல் முட்டியால் தரையை மெதுவாகத் தட்டினார். ஓரிடத்தில் 'டக்' என்றது. ஒரு சாண் தள்ளி 'டொப்' என்றது. "இரண்டாவது சத்தம் வரும் இடத்தில் சில்லுகளுக்கு அடியில் சாந்து விட்டுப்போய்விட்டது. படம் அங்கே காற்றின் மேல் நிற்கிறது," என்றார். அப்புறம் பல நாள் அதே வேலைதான். தட்டுவது, கேட்பது, மேலே விரித்த கண்ணாடித்தாளில் பொள்ளலான இடங்களை வரைவது. பின்பு சின்னத் துளை வழியே ஊசியால் சுண்ணாம்புக் கரைசலைச் செலுத்துவார். உப்புப் பூத்த இடத்தில் காகிதக் கூழைக் குழைத்துப் பற்றுப் போடுவார், அம்மா வீக்கத்துக்குப் போடுகிற மாதிரியே.

அந்த நான்காம் நாள் இரவே அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். அப்பா தரை போடும் மேஸ்திரி. நம் ஊரில் மொசைக் என்றால் வெள்ளை சிமெண்டில் சலவைக்கல் சில்லைக் கலந்து போட்டு மெஷினால் தேய்க்கும் தரை. அதனால் "மொசைக் படிக்கவா இத்தாலி போற?" என்று அவர் முன்பு கேட்டதில் தப்பே இல்லை. தட்டிப் பார்க்கும் கதையைச் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. "டைல்ஸ் போட்ட மறுநாள் நாங்களும் அதைத்தானே செய்றோம்? பொள்ளல் சத்தம் வந்தா பேத்துட்டு மறுபடி போடணும்." ரோமானியத் தரையின் அடுக்குகளைச் சொன்னேன். அடியில் கைப்பிடி அளவுக் கற்கள், அதன்மேல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதன்மேல் உடைத்த ஓடு மூன்று பங்குக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு. விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் எழுதிவைத்த அளவு அது. "சுர்க்கி. உங்க தாத்தா போட்டது," என்றார் அப்பா.

ஆனால் "விட்ட இடத்துல சிமெண்ட் பால் ஊத்திட வேண்டியதுதானே?" என்றும் கேட்டார். மறுநாள் அதை அப்படியே நிபுணரிடம் கேட்டேன். என் ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயம் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பல இடங்களில் மொசைக்கின் மேல் துணியும் பசையும் ஒட்டிப் பெயர்த்து, கம்பி கட்டிய கான்கிரீட் பலகைகளில் மறுபடி பதித்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஈரம் பட்டுக் கம்பி துருப்பிடித்தது, பருத்தது, பலகை வெடித்தது, மேலே இருந்த படமும் கூடவே வெடித்தது. சிமெண்டிலிருந்து கிளம்பும் உப்பு சில்லுகளை அரித்தது. பழைய சுண்ணாம்புச் சாந்தைவிட சிமெண்ட் மிகக் கடினம். இரண்டும் ஒன்றாக அசையாது. இன்று முடிந்தவரை தரையை இருந்த இடத்திலேயே வைத்து, சுண்ணாம்பாலேயே சரிசெய்கிறார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தான் சிமெண்ட் பூசிய ஒரு பழைய மண்டபத்தைப் பற்றிச் சொன்னார். அந்தப் பேச்சை என்னிடம் மனம்விட்டுப் பேசியதற்கும் நன்றி, அப்பா.

கூரைகளைப் பற்றிய பகுதிக்கு உதவிய நூலகப் பணியாளர்களுக்கும், பழைய புகைப்படங்களைத் தேடித் தந்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1950களின் கடைசியில் பிராங்கோ மினிஸ்ஸி என்ற கட்டடக் கலைஞர் இரும்புச் சட்டமும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடுகளும் கொண்டு காசாலேக்குக் கூரை அமைத்தார். சுவர்களின் மேலேயே நடைபாதை வைத்து, தரையை மிதிக்காமல் மேலிருந்து பார்க்கச் செய்தவர் அவர். அருமையான யோசனை. ஆனால் உள்ளே வெப்பமும் ஈரமும் அடைந்தன, பாசி படர்ந்தது. 1991ல் வெள்ளம் சேற்றைக் கொண்டுவந்து தரைகளில் கொட்டியது. பின்னர் மரச்சட்டத்தில் செப்புத் தகடு வேய்ந்த, காற்றோட்டமுள்ள புதிய கூரையோடு 2012ல் வில்லா மறுபடி திறக்கப்பட்டது. மினிஸ்ஸியின் கூரையைப் பிரித்தது பலருக்கு இன்றும் வருத்தம். எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனாலும் தரைகளுக்கு நல்லது எதுவோ அதன் பக்கம்தான் நான் நிற்பேன்.

பெருவேட்டை நடைகூடத்தின் தெற்கு முனையில் காவலுக்கு இருந்த பெரியவரை மறக்கவே முடியாது. அங்கே வளைந்த மாடத்தில் கருநிறப் பெண் ஒருத்தி கையில் தந்தத்தோடு இருக்கிறாள். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் புலி, காலடிப் பக்கம் தீயில் ஃபீனிக்ஸ் பறவை. அவள் இந்தியா என்று சிலர், ஆப்பிரிக்கா என்று சிலர், இன்னும் முடிவாகவில்லை. நான் தமிழ்நாடு என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெரியவர் காலையில் என்னைப் பார்த்ததும் அவளைக் காட்டி "உன் அக்கா நலம்" என்பார். யவனர் நம் மிளகுக்கு வந்த கதையைத் தங்கச்சியின் உதவியோடு அவருக்குச் சொன்னேன். மாலையில் சாய்ந்த வெளிச்சம் விழும்போது சில்லுகளின் மேடுபள்ளம் நன்றாகத் தெரியும் என்று, மூடும் நேரம்வரை என்னை இருக்கவிட்டவரும் அவரே. பிகினி போன்ற உடையில் விளையாடும் பெண்களின் படம் உள்ள 'பிகினிப் பெண்கள்' அறையின் மூலையில், மேல் தரை போன இடத்தில், அதற்கும் முந்தைய ஒரு வடிவக்கோலத் தரை எட்டிப்பார்ப்பதை முதலில் காட்டியதும் அவர்தான்.

விசா தாமதமான ஆறு வாரமும் எனக்காகக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்த என் ஆய்வு வழிகாட்டிக்கும் நன்றி.

பெயர் தெரியாத சிலருக்கும் இங்கே சொல்ல வேண்டும். 1950ல் ஜினோ வினிசியோ ஜென்டிலியின் தலைமையில் பெரிய அகழாய்வு தொடங்கியபோது மலைச்சரிவு மண்ணை வெட்டி அள்ளிய தொழிலாளர்கள் பலருடைய முகம் பழைய படங்களில் இருக்கிறது, அடியில் பெயர் இல்லை. அந்தப் படங்களில் ஒன்றை ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஆய்வேட்டின் ஒரு பிரதி அன்ரி வீட்டுக்கு வருகிறது, தங்கச்சியின் பெயரை மொழிபெயர்ப்பாளர் என்றே அச்சிட்டிருக்கிறேன். அப்பாவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. காசாலேயின் தரையைத் தட்டிப் பார்க்க விடமாட்டார்கள், கேட்டுவிட்டேன். ஆனால் மாணவர்கள் பழகுவதற்கென்று, அடியில் வேண்டுமென்றே பொள்ளல் வைத்துச் செய்த ஒரு மாதிரிப் பலகையை உங்களுக்காக எடுத்து வைத்திருப்பதாக நிபுணர் சொல்லியனுப்பியிருக்கிறார், அப்பா. மொத்தம் ஏழு இடமாம். எங்கே என்று அவர் எனக்கும் சொல்லவில்லை.

மிகுந்த அன்புடன்,
உங்கள் மாணவி, மகள், பிள்ளை