போரோ மணிக்கு எந்த ரிலீஸ்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கண்ணாடி மணி செய்யும் உங்களிற் பலர் இப்போது குறைந்த சூட்டில் இளகும் மென்கண்ணாடியை விட்டுப் போரோசிலிக்கேற்றுக்கு, கடையில் நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் போரோவுக்கு, மாறி வருகிறீர்கள். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரரிடம் சொல்லிப் போரோக் குச்சிகளை எடுப்பிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். குச்சி மாறிவிட்டது, கண்ணாடியை உருக்கும் சுவாலை ரோர்ச்சும் மாறிவிட்டது. உருகிய கண்ணாடியைச் சுற்றி மணியாக்கும் கம்பியில், மணி ஒட்டாமல் கழர வேண்டுமென்று பூசுகிற பீட் ரிலீஸ் மட்டும் பலரிடம் பழையதாகவே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

கடைக்கு வரும் முறைப்பாடு இரண்டு விதம். "அண்ணை, மணி கழருதில்லை" என்பது ஒன்று. "அண்ணை, நெருப்பிலை வைச்சு உருட்டேக்கை மணி கம்பியிலை சுத்துது" என்பது மற்றது. முதலாவதைக் கேட்டவர்கள் பயந்துபோய், லேசாகக் கழரும் ரிலீஸாகத் தாருங்கள் என்று கேட்டு வாங்குகிறார்கள். மென்கண்ணாடிக்கு அது பரவாயில்லை. போரோவுக்கு அது பிழையான தெரிவு. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சூடேறினால் விரிவதும் ஆறினால் சுருங்குவதும் எல்லாப் பொருளுக்கும் உள்ளதுதான். அளவு மட்டும் வேறுபடும். ஒரு மீற்றர் நீளப் போரோ ஒரு பாகை ஆறினால் ஏறத்தாழ 3.3 மைக்ரோமீற்றர் சுருங்கும். 104 என்று குறிக்கப்படும் மென்கண்ணாடி 10.4 மைக்ரோமீற்றர் சுருங்கும். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் கம்பியோ 17, 18 வரை போகும். போரோ இறுகும் 560 பாகை செல்சியஸ் அளவிலிருந்து அறை வெப்பத்துக்கு வந்து சேரும்போது, 2.4 மில்லிமீற்றர் கம்பி மணியின் துளையைவிட 0.02 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைய மேலதிகமாகச் சுருங்கிவிடும். மென்கண்ணாடியில் இந்த இடைவெளி கிட்டத்தட்ட அதில் பாதிதான். கண்ணுக்குத் தெரியாத அளவு என்றாலும், காய்ந்த ரிலீஸ் பூச்சைத் தளர்த்த அது நன்றாகவே உதவுகிறது. ஆறிய பிறகு போரோ மணியைக் கழற்றித் தரும் வேலையில் பாதியைக் கம்பியே செய்து தருகிறது.

கஷ்டம் வருவது நெருப்பில். போரோ இளகத் தொடங்கவே ஏறத்தாழ 820 பாகை வேண்டும். தாராளமாக ஓட 1,200க்கு மேல் போக வேண்டும். மென்கண்ணாடி அதற்கு வெகு முன்பே குழைந்துவிடும். ஒட்சிசனும் காஸும் சேர்ந்த சுவாலையில் போரோ மணி நீண்ட நேரம் நிற்கிறது. இளகினாலும் அது விறைப்பான கண்ணாடி. உருட்டும்போதும் காரீயப் பலகையில் (ஈயம் அல்ல, பென்சிலில் உள்ள கிராபைட்) அழுத்தும்போதும் அந்த விசை முழுவதும் மணியிலிருந்து ரிலீஸ் பூச்சுக்கும், பூச்சிலிருந்து கம்பிக்கும் போகிறது. பூச்சு இடையில் விட்டால் கம்பி சுற்றும், மணி நிற்கும். அதற்குப் பிறகு அந்த மணியை வட்டமாக்க முடியாது. உடைந்த பூச்சின் தூள் துளை ஓரத்தில் கண்ணாடிக்குள் ஏறும். தெளிந்த போரோவில் அது வெள்ளைப் பொட்டாகத் தெரியும், பிறகு எடுக்கவும் முடியாது. ஆகவே போரோவுக்கு ரிலீஸ் தெரிவுசெய்யும்போது, நெருப்பில் அது எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்பதையே முதலில் கேளுங்கள்.

ரிலீஸ் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் அலுமினாத் தூளும் கயோலின் என்ற வெண்களியும் தண்ணீரும்தான். சிலவற்றில் காரீயமும் சேர்ந்திருக்கும். அலுமினா உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். நம் ரோர்ச் கண்ணாடியை எவ்வளவு சூடாக்கினாலும் அது தூளாகவே நிற்கும், கண்ணாடியோடு சேராது. களி அந்தத் தூளைக் கம்பியோடு கட்டி வைக்கிறது. களி கூடினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். குறைந்தால் விரல் பட்டாலே உதிரும். பொரலஸ்கமுவவில் நல்ல வெண்களி கிடைக்கிறது, அதை வாங்கி நாங்களே கலந்தால் என்ன என்று சிலர் கேட்கிறீர்கள். களி தரமானதுதான். ஆனால் களியை மட்டும் பூசினால் வெடிப்பு வரும். அந்த வெடிப்புக்குள் இறங்கும் கண்ணாடி நேரே கம்பியில் ஒட்டும். சூளைத் தட்டுக்குப் பூசும் கலவையும் இதற்குப் போதாது. அது படுத்திருக்கும் பொருளுக்கானது, உருட்டும் விசையைத் தாங்காது.

காரீயம் கலந்த சாம்பல்நிற ரிலீஸ் வழுக்கலாகக் கழற்றித் தரும். ஆனால் ஒட்சிசன் கூடிய சுவாலையில், கண்ணாடி மூடாத இடத்தில், காரீயம் எரிந்து போகும். மணியின் இரு ஓரத்திலும் பூச்சு பலமிழப்பது அதனால்தான். நிறமான, ஒளிபுகாத மணிக்கு அதைப் பாவிக்கலாம். தெளிந்த போரோவுக்கு நாங்கள் பரிந்துரைப்பது அலுமினா கூடிய வெள்ளை ரிலீஸ், அதுவும் காற்றில் உலர விடுகிற வகை. சுவாலையில் உடனே காயவைக்கும் வகை கெதியான வேலைக்கு வசதி. சின்ன மணிக்கு அது போதும். 15 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட போரோ மணிக்கு அதை நம்ப வேண்டாம்.

மாந்தை, கந்தரோடை ஆகிய தொல்லியல் இடங்களில் எடுத்த பழைய மணிகளைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் எதைப் பூசினார்கள் என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. அவற்றுள் காணப்படும் சிறிய இந்தோ-பசிபிக் மணிகள் கம்பியில் சுற்றியவை அல்ல. உருகிய கண்ணாடியை உள்ளே துளையோடு நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி எடுத்தவை. பூச்சு தேவைப்படாத முறை அது.

இனி கம்பி. 1.6 மில்லிமீற்றர்க் கம்பி போரோ நெருப்பில் இளகி வளையும். 2.4 அல்லது 3.2 எடுங்கள். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் 1,400 பாகையளவில் உருகுவது. ஒட்சிசன் காஸ் சுவாலையோ 2,800 பாகை வரை போகும். எனவே கம்பியின் வெறும் நுனியைச் சுவாலையில் மறந்து விடக்கூடாது. புதுக் கம்பியில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். அரத்தாளால் உரஞ்சி, அசற்றோனில் நனைத்த துணியால் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். "ரிலீஸ் சரியில்லை" என்று கொண்டுவரும் கம்பிகளில் அநேகமானவற்றில் பூச்சு தகடாக உரிந்து வரும், கீழே கம்பி பளபளவென்று இருக்கும். அது எண்ணெயின் வேலை.

தண்ணீரைப் பற்றி யாழ்ப்பாணத்தில் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறுபவை. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படை எல்லா வீட்டிலும் தெரிந்ததே. அந்தக் கல்சியம் களித் துகள்களைத் திரள வைக்கும். போத்தலில் இறுகிய ரிலீஸுக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டுக் கலக்கினால், கலந்த உடனே நன்றாக இருக்கும். பிறகு கட்டிபட்டு, பூச்சு மேடு பள்ளமாக விழும். மோட்டார்க் கடையில் பற்றரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்குங்கள். அசிற் போத்தலை மாறி எடுத்துவிடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீரும் நல்லதுதான். ஒரு முறைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் விட வேண்டாம்.

அலுமினா தண்ணீரைவிட ஏறத்தாழ 4 மடங்கு பாரம். அது அடியில் தங்கும், களி மேலே நிற்கும். கலக்காமல் தோய்த்தால் கம்பியில் ஏறுவது களி மட்டுமே. குலுக்கினால் குமிழி வரும். அடியிலிருந்து குச்சியால் கிளறுங்கள். பதம் அப்ப மா அளவு. கம்பியை நேரே இறக்கி, நிறுத்தாமல், ஒரே சீராக மேலே இழுங்கள். பூச்சினூடே உலோக நிறம் தெரிந்தால் மெல்லிசு என்று அர்த்தம். காய்ந்த பூச்சின் மேல் இன்னொரு தடவை தோய்க்க வேண்டாம், இரண்டு படையும் ஒன்றையொன்று பிடிக்காது. கழுவிவிட்டு மறுபடி தோய்ப்பதே நல்லது.

மணல் நிரப்பிய ரின்னில் கம்பிகளை நிமிர்த்தி வைத்து உலர விடுங்கள். சோளகக் காலத்தில் கெதியாகக் காயும், ஆனால் வலிகாமத்துச் செம்மண் புழுதி ஈரப் பூச்சில் வந்து ஒட்டும். யன்னலைச் சாத்திய அறைக்குள் வையுங்கள். மாரியில், ஐப்பசி கார்த்திகையில், இரவு முழுவதும் வைத்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். வெளியே மங்கிய வெள்ளையாகத் தெரிவதை நம்பாதீர்கள். மின்சூளைக்கு மேல், சூடு இதமாகப் படுகிற இடத்தில், இன்னும் சில மணித்தியாலம் வைப்பது நல்லது.

அடுத்தது நெருப்புக்குக் கொண்டுபோகும் கட்டம். இதைப் பொறுமையாகச் செய்பவர்களுக்குப் பூச்சு விடுவது அரிது. முதலில் சுவாலையின் தூர நுனியில் கம்பியைச் சுழற்றுங்கள். மிச்ச ஈரம் இருந்தால் பூச்சில் சிறு பொக்குளம் எழும். எழுந்தால் அந்தக் கம்பியை ஒதுக்கி வையுங்கள், அதன் மேல் கண்ணாடி சுற்ற வேண்டாம். எழாவிட்டால் மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவாருங்கள். வெண்களிக்குள் கட்டுண்ட நீர் வெளியேறுவது 500 பாகைக்கு மேல்தான். அது போகாமல் கண்ணாடியைச் சுற்றினால் துளையைச் சுற்றிப் பொடிக் குமிழிகள் நிற்கும். பூச்சு ஒரு கணம் கறுத்து, பிறகு வெளுத்து, உள்ளே கம்பி சிவந்து செம்மஞ்சளாகும் வரை பொறுங்கள். பச்சைப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு அந்தச் சிவப்பு மங்கலாகவே தெரியும், அதற்கேற்பக் கணியுங்கள். கம்பி செம்மஞ்சளாய் இருக்கும்போதே, நன்றாக ஓடும் போரோவை முதல் சுற்றாக வையுங்கள். ஆறிய கம்பியில் வைத்த முதல் சுற்று பூச்சைக் கவ்வாது, மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த மணிதான் பிறகு சுற்றுகிறது. கண்ணாடி விறைத்திருக்கும் நேரத்தில் அழுத்தாதீர்கள். மறுபடி சூடாக்கிவிட்டு அழுத்துங்கள்.

மின்சூளையில் 565 பாகையில் வைத்து ஆற்றி எடுத்த பிறகு, கம்பியோடு மணியைத் தண்ணீரில் ஊற விடுங்கள். கம்பியைக் குறட்டால் பிடித்து, மணியை றப்பர்த் துண்டால் பொத்தித் திருகுங்கள். துளைக்குள் உள்ள மிச்சப் பூச்சை வைரத் துருவியால், தண்ணீருக்குள் வைத்தே எடுக்க வேண்டும். இதில் மட்டும் நாங்கள் கண்டிப்பாகச் சொல்கிறோம்: காய்ந்த ரிலீஸைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். களியிலும் சில கலவைகளிலும் சிலிக்கா உண்டு. அந்த நுண்தூள் நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. தூள் பறக்கும் வேலைக்கு என்95 முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். கழுவிய தண்ணீரை வாளியில் அடைய விட்டு, தெளிந்ததை ஊற்றி, அடியில் உள்ள சேற்றைக் குப்பையோடு போடுங்கள். குழாயில் ஊற்றினால் களி அடைத்துவிடும்.

இந்த மாதத்திலிருந்து ரிலீஸ் போத்தல்களில் "போரோ", "மென்கண்ணாடி" என்று பெரிதாக எழுதி ஒட்டுகிறோம். முதன்முறை வாங்குபவர்கள் சிறிய குப்பியாக எடுத்து, உங்கள் ரோர்ச்சில் பார்த்துவிட்டுப் பெரியதை வாங்குங்கள். கழராத மணியோ சுற்றிய மணியோ இருந்தால், கம்பியோடு அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள். கழுவ வேண்டாம், பூச்சு எந்த இடத்தில் விட்டது என்பதைப் பார்த்தால்தான் காரணம் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
கடையார்
கஸ்தூரியார் வீதி, யாழ்ப்பாணம்