மீன் கசத்துக்கு இறங்கும் காலம்

மெக்கானிக்ஸ்பர்க், பென்சில்வேனியா
செப்டம்பர் 14

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். சித்திக்குக் கால்வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அக்டோபரில் வரும்போது ஓடையில் தூண்டில் போடலாமா, என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடலாம், தூண்டில் சாமான் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். ஆனால் ஜூலையில் வந்துபோனவர்கள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். முழங்கால் தண்ணீரில் நின்று அவர்கள் ஒன்று மாற்றி ஒன்று இழுத்த அதே இடத்தில் அக்டோபர் கடைசியில் நாள் முழுக்க நின்றாலும் ஒரு தட்டுகூடக் கிடைக்காமல் போகலாம். இங்கே பலரும் மீனுக்குப் பசி போய்விட்டது என்று சொல்லித் தூண்டிலைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. பெரும்பாலும் மீன் அந்த இடத்திலேயே இருப்பதில்லை. கரையில் நின்றே ஆற்றின் ஆழமான மடு, அதாவது கசம், எங்கே என்று சொல்லிவிடுபவர் நீங்கள். அதனால் காரணத்தை மட்டும் விவரமாக எழுதிவிடுகிறேன், மிச்சம் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

மீனின் பெயர் ஸ்மால்மவுத் பாஸ். வெண்கல நிறம், உடம்பில் மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள், கண் சிவப்பு. வாய்க்கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். கண்ணைத் தாண்டிப் போனால் அது லார்ஜ்மவுத், குளத்து மீன். இந்த மீனுக்குக் கல்லும் ஓட்டமும் வேண்டும். இந்தப் பக்கத்து ஆறுகளுக்கு இது வந்தேறிதான். தெற்கே பொடோமாக் ஆற்றில் 1854-ல் ரயில் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். நம் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் கொனோடொகுவினெட் ஓடையிலும், அது போய்ச் சேரும் சஸ்குவெஹன்னாவிலும், டன்கனன் ஊரில் அதோடு கலக்கும் ஜூனியாட்டாவிலும் இப்போது இதுதான் ராஜா. ஒரு அடி நீளம் வளர நாலைந்து வருஷம் ஆகும்.

முதலில் செப்டம்பரைச் சொல்கிறேன். நம் ஊரில் புரட்டாசி போய் ஐப்பசி பிறந்தால் தாமிரபரணி கலங்கி ஏறும். இங்கே தலைகீழ். வருஷத்திலேயே ஓடை மிகவும் வற்றிக் கிடப்பது செப்டம்பரில்தான். மழை குறைவதால் அல்ல. கோடை முழுக்கக் கரையோர மரங்கள் நிலத்தடி நீரைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. அக்டோபரில் இலை உதிர்ந்ததும், மழையே பெய்யாவிட்டாலும் ஓடையில் தண்ணீர் கொஞ்சம் ஏறும். அதுவரை கண்ணாடி மாதிரி தெளிந்த, இடுப்பளவுக்கும் குறைந்த தண்ணீர். மேலே பறக்கும் கொக்கின் நிழல் பட்டாலே மீன் சிதறும். நீங்கள் தண்ணீரில் வைக்கும் ஒவ்வொரு காலடியும் அதற்குக் கேட்கும்.

இதோடு இரையும் மிதமிஞ்சிக் கிடக்கும். வசந்தத்தில் பொரித்த சின்ன மீன்கள் எல்லாம் செப்டம்பரில் விரல் நீளம் ஆகியிருக்கும். கல்லுக்கடியில் கிரேஃபிஷ் இருக்கும், நம் சிங்கி இறாலைச் சுருக்கி வைத்தது போல. வயிறு நிறைந்த மீனுக்கு ரப்பர் புழுவைத் துரத்திவர அவசியம் இல்லை. ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் அந்தி நேரத்தில் வெள்ளை ஈ கூட்டம் கூட்டமாக ஆற்றின் மேல் எழும்பும், நம் ஈசல் மாதிரி. அப்போது மீன் மேல்மட்டத்துக்கு வந்து அள்ளும். அது முடிந்ததும் மேலே பார்க்கிற பழக்கத்தையே மீன் விட்டுவிடும். மிதக்கும் தூண்டில் அதோடு சரி.

ஆக, செப்டம்பரின் மந்தத்துக்குக் குளிர் காரணமே இல்லை. தண்ணீர் அப்போதும் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதற்கு வைத்தியம் பதுங்கிப் போவதுதான். கீழிருந்து மேல்நோக்கி நடங்கள், மீன் ஓட்டத்தை எதிர்த்து மூக்கை நீட்டி நிற்பதால் பின்னாலிருந்து வருகிறவரைப் பார்க்காது. பதினைந்து இருபது மீட்டர் தள்ளி நின்றே வீசுங்கள். நிழலையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் நண்பகலில் சூரியன் இங்கே 73 பாகை உயரத்தில் நிற்கும், நிழல் காலடியிலேயே விழும். அக்டோபர் நடுவில் 41 பாகைதான். உச்சி வேளையிலேயே உங்கள் உயரத்தைவிட நீளமான நிழல் தண்ணீரில் விழும்.

குளிரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மீனுக்கு உடம்புச் சூடு என்று தனியாக ஒன்று இல்லை, தண்ணீர் எவ்வளவோ அவ்வளவு. தண்ணீர் பத்து டிகிரி இறங்கினால் அதன் உடம்பு எரிக்கும் இரை ஏறக்குறையப் பாதியாகும். செரிமானமும் அப்படியே. 25 டிகிரியில் ஒரு நாளில் கரைந்துவிடும் இரை, 10 டிகிரியில் பல நாள் வயிற்றில் கிடக்கும். அந்த நாட்களில் அது வாய் திறக்கத் தேவையில்லை. ஊரில் நம் ஆற்றுத் தண்ணீர் மார்கழியிலும் இவ்வளவு கீழே போவதில்லை, அதனால்தான் இது நமக்குப் புதிதாகத் தோன்றுகிறது.

இன்னொன்று இருக்கிறது. ஏரி குளிர வாரக்கணக்கில் ஆகும். ஓடை மெல்லிய தண்ணீர், ஒரே இரவில் குளிர்ந்துவிடும். மேகமில்லாத இரண்டு இரவுகள் வந்தால் மூன்று நான்கு டிகிரி சரியும். என் கணிப்பில், தண்ணீர் எத்தனை டிகிரி என்பதைவிட எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதே அன்றைய தூண்டிலைத் தீர்மானிக்கிறது. ஒரு வாரமாக 13 டிகிரியிலேயே நிற்கும் ஓடையில் மீன் எடுக்கும். நேற்று முன்தினம் 18 இருந்து இன்று 14 ஆனால் எடுக்காது. அந்த மாதிரி நாளில் நாம் பேசாமல் வீட்டில் இருந்து காபி குடிக்கலாம். மூன்றாவது நாள் பிற்பகலில் போனால் மீன் பழையபடி ஆகியிருக்கும்.

காற்றழுத்தம் ஏறினால் மீன் எடுக்காது என்று இங்கே நிறையப் பேர் சொல்வார்கள், கேட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வானிலை மாறும்போது அழுத்தம் 20 மில்லிபார் கூடினால், அது மீன் 20 சென்டிமீட்டர் கீழே இறங்கினால் உணரும் அழுத்தம்தான். நாள் முழுக்க ஏறி இறங்கும் மீனுக்கு அது ஒரு பொருட்டா? அந்த நாட்களில் வானம் வெளுத்து வெயில் பளிச்சென்று அடிக்கும், இரவு குளிர் இறங்கும். வேலை செய்வது அந்த இரண்டும்தான். ஆக்ஸிஜன் குறைகிறது என்பதும் தப்பு. குளிர்ந்த தண்ணீர் கூடுதலாகவே ஆக்ஸிஜன் பிடிக்கும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம் என்றால், 10 டிகிரியில் 11-க்கும் மேல்.

இனி முக்கியமான விஷயம். தண்ணீர் 15, 16 டிகிரிக்குக் கீழே வந்ததும் மீன் குளிர்கால இருப்பிடம் தேடி நகர ஆரம்பிக்கும். பகல் குறுகுவதும் அதற்கு ஒரு சைகை. குளிரில் அதனால் ஓட்டத்தை எதிர்த்து நிற்க முடியாது, ஆழமில்லாத இடம் ஜனவரியில் அடிவரை உறைந்தும் போகலாம். அதனால் ஓட்டம் அடங்கிய ஆழமான மடு வேண்டும். சின்ன ஓடையில் சில கிலோமீட்டர் கீழே போனால் கிடைத்துவிடும். கிடைக்காத இடங்களில் பெரிய ஆறு வரைக்கும் போகும். விஸ்கான்சினில் எம்பராஸ் என்ற ஆற்று மீன்கள் இப்படி வுல்ஃப் ஆற்றுக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் போவதை அடையாளம் கட்டி விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஓடையின் பத்துப் பங்கில் ஒன்பது பங்கு காலியாகி, எல்லா மீனும் மிச்சமுள்ள ஒரு பங்கில் நெருங்கிக் கிடக்கும். காலியான ஒன்பதில் வீசுகிறவருக்கு மீன் மந்தம். கசத்தைக் கண்டுபிடித்தவருக்கு அப்படி இல்லை.

கசத்துக்கு அடையாளம்: ஆள் ஆழத்துக்குக் குறையக் கூடாது, எட்டடி இருந்தால் நல்லது. வெள்ளம் வந்தாலும் முழு வேகம் படாத வளைவு, அல்லது குறுக்கே படுத்த பாறையின் கீழ்ப்பக்கம். அடியில் சேறு கூடாது, குண்டுக்கல் வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரு வசதி, இது சுண்ணாம்புப் பாறை நிலம். லெட்டார்ட், பிக் ஸ்பிரிங் போன்ற ஊற்று நீர் ஓடைகள் கொனோடொகுவினெட்டில் வந்து சேர்கின்றன. ஊற்று நீர் வருஷம் முழுக்க 11 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்பதால் கோடையில் அது குளிர்ச்சி, நவம்பரில் அதுவே கதகதப்பு. ஊற்று கலக்கும் இடத்துக்குக் கீழே உள்ள முதல் மடுவை நான் விடவே மாட்டேன்.

அதனால் தூண்டிலுக்கு முன்னால் வெப்பமானி. பத்து டாலர்தான். நிழலில், ஓடும் தண்ணீரில், முழங்கால் ஆழத்தில் மூன்று நிமிஷம் பிடிக்க வேண்டும். கரையோரத் தேங்கலில் பிடித்தால் பொய் சொல்லும். காலை எட்டு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் எடுத்துக் குறித்துவையுங்கள். கோடையில் விடியலும் அந்தியும்தான் நேரம், இப்போது அதை மறந்துவிடுங்கள். பதினொரு மணிக்குக் கிளம்பினால் போதும். இரண்டிலிருந்து நாலரை வரை தண்ணீர் அன்றைய உச்சச் சூட்டில் இருக்கும், எடுத்தால் அப்போதுதான் எடுக்கும். ஓடையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை ஹோக்ஸ்டவுன் அருகே ஒரு அளவுகோல் வைத்து, வீட்டிலிருந்தே பார்க்கும்படி வெளியிடுகிறது. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளலாம்.

கருவி எளிது. ஏழடி மெல்லிய கம்பு, ஆறு பவுண்டு எடை தாங்கும் நரம்பு, மூன்று கிராம் சொச்சம் எடையுள்ள ஈயத்தலை முள், அதில் போலி இரையாக மூன்று அங்குல ரப்பர் டியூப், பழுப்பு அல்லது பச்சை நிறம். மண்புழு வேண்டாம். சின்ன மீன்கள் பிடுங்கித் தின்னும், பாஸ் எடுத்தாலும் தொண்டைவரை விழுங்கிவிடும், பிறகு விட்டாலும் பிழைப்பது கஷ்டம். மடுவின் மேல்முனையில் ஓட்டத்துக்குச் சாய்வாக வீசி, ஈயம் அடியைத் தொடும்வரை காத்திருங்கள். கம்பு நுனியை ஒரு சாண் தூக்குங்கள், நரம்பு தொய்யாமல் மெல்ல இறக்குங்கள், ஐந்து எண்ணும்வரை சும்மா விடுங்கள். கோடை வேகத்தில் இழுத்தால் மீன் பார்த்துக்கொண்டே இருக்கும், வராது.

இலைதான் பெரிய தொல்லை. அக்டோபர் நடுவிலிருந்து மேப்பிளும் சிக்கமோரும் கொட்டும். மிதக்கும் இலைக்கு இடைவெளி பார்த்து வீசலாம். நனைந்து நடுத்தண்ணீரில் வரும் இலை கண்ணுக்குத் தெரியாது, ஒவ்வொரு வீச்சிலும் முள்ளை மூடும். மூன்று முனை முள் உள்ள எதுவும் அப்போது உதவாது, மேல்நோக்கிய ஒற்றை முள் மட்டுமே. காற்றடித்த நாளும், உதிர்ந்த பிறகு பெய்யும் முதல் மழையும் வீண். மழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் விட்டால் இலை அடித்துக்கொண்டு போயிருக்கும், தண்ணீரும் லேசாகக் கலங்கி மீனின் பயம் குறைந்திருக்கும். இந்தக் காலத்தில் அதுதான் நல்ல நாள். குளிரில் மீன் சுண்டி இழுக்காது, நரம்பு கனத்தது போல மட்டும் தெரியும். இலை மாட்டினாலும் அதே கனம்தான். ஒரு விரலால் நரம்பைத் தொட்டுப் பாருங்கள். இலையின் கனம் ஓட்டத்தோடு ஒரே சீராக இருக்கும். மீனின் கனம் பக்கவாட்டில் அசையும்.

பதினாறு வயது நிறைந்த எல்லோருக்கும் உரிமம் கட்டாயம். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் என்று தனியாக உண்டு, உங்களுக்கு ஏழு நாள் உரிமம் எடுத்துவைக்கிறேன். பிடித்ததை விட்டுவிடுவோம். 2005 கோடையில் சஸ்குவெஹன்னாவில் குஞ்சு பாஸ்கள் நோயில் திரளாகச் செத்தன, அதிலிருந்து இந்தப் பக்கத்தில் அந்த மீன்மேல் எல்லோருக்கும் ஒரு பரிவு. கசத்தில் கூட்டமாகக் கிடப்பதைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஒரே வாரத்தில் பல கிலோமீட்டர் ஓடையை வெறுமையாக்கிவிடலாம், அது கூடாது. புரட்டாசி என்று சித்தியும் கவலைப்பட வேண்டாம். முள்ளின் கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீனைத் தண்ணீரிலேயே வைத்து விடுவித்துவிடலாம்.

10 டிகிரிக்குக் கீழே ஓடைக்குள் இறங்க வேண்டாம், கரையிலிருந்தே வீசுவோம். நவம்பர் 1-லிருந்து ஏப்ரல் 30 வரை சின்னப் படகில் உயிர்காப்புச் சட்டையைப் போட்டே இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் பயணச்சீட்டை அக்டோபர் முதல் வாரத்துக்கே போடுங்கள். தண்ணீர் 18-லிருந்து 13-க்கு இறங்கும் அந்த இரண்டு மூன்று வாரத்தில் பெரிய மீன்கள் கசத்தின் வாயில் வந்து நின்று பிற்பகலில் இரை எடுக்கும். நவம்பர் தள்ளி வருவதாக இருந்தால் ஒரேயடியாக ஜூன் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். ஏப்ரலில் தண்ணீர் மறுபடி 10-ஐத் தாண்டும்போது மீன் மேலே ஏறும், பிறகு முட்டையிட்டுக் காவல் காக்கும், அப்போது தொந்தரவு செய்யக் கூடாது.

வரும்போது முழங்காலுக்கு மேல் வரும் கம்பளிக் காலுறை மட்டும் இரண்டு ஜோடி வாங்கிவையுங்கள். உங்கள் கால் அளவைத் திருப்பி எழுதுங்கள், ரப்பர் பூட்ஸ் இங்கேயே எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்