மாணவர்கள் வரைவதோடு நிற்காமல் கட்டட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் என்ற வீட்டுத் திட்டம் பற்றிய கட்டுரை படித்தேன். 2030-க்குள் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரைத் தளம். நல்ல விஷயம்தான். நான் கேட்பது அந்தத் தளத்தைப் பற்றி. நான் வளர்ந்தது பழைய தொகுப்பு வீடு ஒன்றில். சித்திரை மாதத்தில் பொழுது சாய்ந்ததும் அம்மா குழாயடியிலிருந்து சுமந்து வந்த தண்ணீரில் நாலு குடத்தை மாடியில் ஊற்றுவார், குப்பென்று ஆவி கிளம்பும். அப்படியும் ராத்திரி ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும், பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவோம்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. லாரி பேக்கர் என்ற கட்டடக்கலைஞர் கேரளத்தில் எத்தனையோ வீடுகளில் செய்து காட்டினார். செங்கல்லைப் படுக்கப் போடாமல் குத்தாக நிறுத்தி நடுவே இடைவெளி விட்டுக் கட்டினால் கிட்டத்தட்ட கால்வாசி செங்கல் மிச்சமாகும், உள்ளே இருக்கும் காற்று வெக்கையையும் தடுக்கும். தளத்தில் பழைய கூரை ஓடுகளைப் பதித்து கான்கிரீட் போட்டால் சிமெண்டும் குறையும். ஆனால் எங்கள் பக்கத்தில் இதைக் கட்டிப் பழகிய கொத்தனாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகம் 1993-லிருந்து ரூரல் ஸ்டுடியோ என்று ஒன்றை நடத்துகிறது. கட்டடக்கலை மாணவர்கள் ஹேல் கவுண்டி என்ற ஏழைப் பகுதிக்குப் போய்த் தங்கி, அங்கிருப்பவர்களோடு பேசி, வீட்டை வரைந்து தாங்களே கட்டுகிறார்கள். 1994-ல் முடித்த முதல் வீட்டுக்கு வைக்கோல் கட்டுகளை அடுக்கித்தான் சுவர் வைத்தார்கள், வெயிலும் குளிரும் உள்ளே ஏறாமல் இருக்க. 2005-ல் பொருளும் கூலியும் சேர்த்து 20,000 டாலருக்குள் ஒரு வீடு என்று ஆரம்பித்து, ஒவ்வொரு வீட்டிலும் கற்றதை அடுத்த வீட்டில் திருத்திக்கொண்டே வந்தார்கள்.

நம் ஊரிலும் ஆர்க்கிடெக்சர் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கல்லூரியும் வருஷத்துக்கு ஒரே ஒரு கனவு இல்லத்தை எடுத்து, உள்ளூர் கொத்தனாரோடும் அந்த வீட்டுக்கார அம்மாவோடும் உட்கார்ந்து, அடுப்பு எந்தப் பக்கம், ஜன்னல் எந்தக் காற்றுக்கு என்று கேட்டு, அதே 3.5 லட்சத்துக்குள் கட்டட்டும். மார்க்கை உடனே போட வேண்டாம் சார். அடுத்த சித்திரையில் பேராசிரியரும் மாணவர்களும் அந்த வீட்டில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவையும் கேட்டுப் போடட்டும்.

இப்படிக்கு
ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்