கற்குவையைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சென்னைக்குத் தெற்கே மனைப்பிரிவுக்காகச் சமன்செய்யப்பட்ட மேட்டில் இருந்த கற்குவையை, அதாவது பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்துக் கற்களைக் குவித்து வைத்த இடத்தை, நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதிலிருந்து சிதறிப்போன பொருள்களில் கைக்குக் கிடைத்தவை எல்லாம் இப்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். புதையல் என்று ஒரு சொல் கிளம்பினால் போதும், மிச்சமிருக்கும் நாலு கல்லையும் புரட்டிப் போட இரவோடிரவாக ஆள் வந்துவிடும். உங்கள் பெயர்களையும் அதனால்தான் சொல்லவில்லை. யார் யாருக்கு எந்த நன்றி என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி ஆடு மேய்க்கும் ஆயாவுக்கு. தார்ச்சாலையும் மனைக்கற்களும் வந்தபின் அந்த இடத்தில் பழைய அடையாளம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆயாவோ ஏரிக்கரை மதகில் தொடங்கி, இப்போது இல்லாத பனைமரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்து, ஒரு மனையின் நடுவில் போய் நின்றார். ஊரார் பாண்டவர் குழி என்று சொல்லும் அந்தக் கற்குவை இங்கேதான் இருந்தது, வெயில் நேரத்தில் ஆடுகள் அந்தக் கற்களின் நிழலில்தான் படுக்கும் என்றார். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற நில அளவையர் ஐயா பழைய புலப்படத்தை விரித்துச் சரிபார்த்தார். பதிவேட்டில் அந்தத் துண்டு நிலம் ‘கல்லாங்குத்து’ என்று இருந்தது. படமும் ஆயாவின் நினைவும் சில அடி வித்தியாசத்தில் ஒத்துப்போயின. ஐயா, அன்று நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தீர்களே, அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் இடம் தெரியாத சட்டிப் பானைகள்தாம் எங்கள் கையில் இருந்திருக்கும்.

இடத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டவர்கள் உண்டு. மதுராந்தகம் பக்கத்தில் சாணூர் இருக்கிறது. 1950இலும் 1952இலும் இந்தியத் தொல்லியல் துறை அங்கே ஈமக்குழிகளை அடுக்கடுக்காகத் தோண்டி, எந்தப் பொருள் எங்கே கிடந்தது என்று வரைந்து வைத்தது. அதனால்தான் வட்டமாக நட்ட கற்கள், அவற்றுக்குள் கற்குவியல், அதற்கடியில் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை (இறந்தவரை வைத்துப் புதைக்கும் பெட்டி) என்று அந்த அமைப்பை இன்றும் நம்மால் விவரிக்க முடிகிறது. நம் மேட்டிலோ பொக்லைன் ஒரு மத்தியானத்தில் வேலையை முடித்துவிட்டது. எலும்பு இருந்ததா, கிண்ணம் தலைமாட்டில் இருந்ததா கால்மாட்டில் இருந்ததா என்பதெல்லாம் இனி யாராலும் சொல்ல முடியாது. எனக்கு ஆற்றாமை இருக்கத்தான் செய்கிறது. பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே பல்லாவரத்தில் பின்னர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ ஈமப்பேழையைக் கண்டார். அப்படிப்பட்ட ஊர்ப்பக்கத்தில் மண்ணை அள்ளுகிறவர்கள் குனிந்து ஒருமுறை பார்த்திருக்கலாம்.

கிண்ணத்தைத் தந்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, விளிம்பு கொஞ்சமும் சிதையவில்லை. இவ்வகைக் கலங்களைச் சூளையில் கவிழ்த்துச் சுட்டிருக்கிறார்கள், காற்றுப் படாத உட்புறம் கருத்துவிட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அக்கா அதில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தார். பழம்பொருள் வாங்க வந்த ஒருவர் நல்ல விலை சொல்லியும் கொடுக்காதவர், எங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்காமல் கொடுத்துவிட்டார். கோழிக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வாங்கித் தருகிறேன் என்றதற்கும் சிரித்தாரே தவிர வாங்கிக்கொள்ளவில்லை.

தெருப் பையன்களையும் விட்டுவிட முடியாது. ஈமப்பேழையின் உடைந்த கால்கள்தாம் அவர்களுக்கு இத்தனை காலமும் பந்து வீசும் முனையின் ஸ்டம்பு! விஷயத்தைச் சொன்னதும் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பிடுங்கிக் கொண்டுவந்து தந்தார்கள். ஒருவன் மட்டும், செத்தவர் கோபித்துக்கொள்வாரா என்று கேட்டான். மாட்டார் என்று உறுதி கொடுத்திருக்கிறேன்.

கொத்தனார் அண்ணன் தன் கருவிப் பையிலேயே போட்டு வைத்திருந்த இரும்புக் கோடரியையும், கூடவே கழுவாத ஒரு சிறு பானையையும் தந்தார். கழுவாததற்குத்தான் அவருக்குப் பெரிய நன்றி. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஈமத்தாழிக்குள் இருந்த நெல்லையும் மண்ணையும் வைத்தே அதன் காலம் கி.மு. 1155 என்று கணித்தார்கள். நம் பானையின் அடியில் ஒட்டிய மண்ணில் என்ன இருக்கிறதோ, அதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும்.

கிராம நிர்வாக அலுவலரம்மா இல்லாவிட்டால் இவை எல்லாம் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில்தான் கிடந்திருக்கும். மண்ணுக்கடியில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். அதைச் சொல்லி எங்களை உட்கார வைத்து, பட்டியல் எழுத வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே கிடைத்த இடத்தையும் கொடுத்தவர் பெயரையும் குறிக்கச் செய்தது அவர்தான். டீக்கடை ஐயா அன்று முழுக்கக் கொடுத்த தேநீருக்குக் கணக்குப் பார்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீளமான ஈட்டிமுனை ஒன்றை மண் லாரியில் வந்த யாரோ எடுத்துப் போனதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். எடுத்தவர் இதைப் படித்தால் கிராம நிர்வாக அலுவலகத்தில் கொடுக்கலாம். அங்கே போகத் தயக்கமாக இருந்தால் டீக்கடையில் வைத்துவிட்டுப் போகலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டோம். துருவை மட்டும் தயவுசெய்து சுரண்டிவிடாதீர்கள்.

மிக்க நன்றியுடன்,
ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் ஊருக்கு வந்து தொல்லை கொடுத்த நண்பர்கள் சார்பில்